வனிலா மணக்கும் முதிர்ந்த றம்: அந்த இனிப்பு பீப்பாயில் பிறந்ததா, பிறகு கலந்ததா?

கல்லடிக்கரை (மட்டக்களப்பு)

அனைவருக்கும் வணக்கம். கனடாவிலிருந்து விடுமுறையில் வந்த என் மைத்துனர் இரண்டு போத்தல் றம் தந்துவிட்டுப் போனார். ஒன்று ஜமெய்க்காவின் அப்பிள்ட்டன் எஸ்டேட் 12 வருடம். மற்றையது மத்திய அமெரிக்காவில் செய்யப்பட்டது. கோலாவோ சோடாவோ கலக்காமல் மெல்ல மெல்லச் சுவைப்பதற்கென்றே விற்கப்படுவது. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதைப் பற்றி எனக்கு ஓர் ஐயம் இருக்கிறது; ஐயம் தீரும் முன்னர் ஒரு பெயரைப் பொதுவில் இழுப்பது முறையாகாது.

முதல் நாள் மாலை ஐந்து மணிக்கே திறந்துவிட்டேன். கச்சான் காற்று அனலாக வீசிக்கொண்டிருந்த நேரம் அது. அந்த வெக்கையில் கிளாசுக்குள் மூக்கை வைத்தவுடன் மதுசாரத்தின் ஆவி மட்டுமே ஏறியது. மறுநாள் இரவு பத்து மணிக்குப் பின், சூடு தணிந்த வேளையில், போத்தலைச் சிறிது நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்து, வாய் குறுகிய கிளாசில் 30 மில்லிலீற்றர் ஊற்றி, இருபது நிமிடம் தொடாமல் விட்டேன். இம்முறை மணம் ஒழுங்காக எழுந்தது. முதலில் வந்தது வனிலா. கேக்குக்கு விடும் எசன்ஸ் போத்தலின் மூடியைத் திறந்தாற்போன்ற தெளிவான, தனித்த வனிலா. அதன் பின்னால் கித்துள் பாணி, உலர்ந்த முந்திரிகை, கொஞ்சம் கோப்பி. வாயில் வைத்தபோது அது தண்ணீரைப்போல ஓடாமல் எண்ணெயைப்போலத் தடித்து நின்றது. விழுங்கியபின் எரிவு ஏதும் இல்லை. உதட்டில் மட்டும் ஒட்டுத்தன்மை எஞ்சியது. உண்மையைச் சொன்னால், எனக்கு அது மிகவும் பிடித்திருந்தது.

அதன்பின் ஜமெய்க்கா றம்மை எடுத்தேன். தோடம்பழத் தோல், சாதிக்காய், புதிதாக அறுத்த பலகையின் மணம் ஆகியவை முன்னால் வந்தன. வனிலா அதிலும் உண்டு, ஆனால் பின்வரிசையில் நிற்கிறது. தொண்டையில் ஓர் உலர்ச்சியும் நீண்ட காரமும் இருந்தன.

இப்போது என் ஐயத்துக்கு வருகிறேன். இனிப்பான றம் பலவற்றில் வடித்த பின் சீனி சேர்க்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். அதைச் சோதிக்க, மதுசாரத்தின் வலுவைக் காட்டும் மிதவைக் கண்ணாடி ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கினேன். பற்றரி அமிலத்தைப் பார்ப்பதற்குப் பயன்படுத்துவார்களே, அதே இனத்தைச் சேர்ந்த கருவி. சீனி கலந்திருந்தால் திரவத்தின் அடர்த்தி கூடி, கண்ணாடி மேலெழுந்து, போத்தலில் ஒட்டிய சீட்டில் உள்ளதைவிடக் குறைந்த வலுவைக் காட்ட வேண்டும். சீட்டில் 40 வீதம் என்று இருக்கிறது. கண்ணாடி 39 காட்டியது. ஆகவே சீனி இல்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படியானால் உதட்டில் ஒட்டும் அந்த இனிப்பு எங்கிருந்து வருகிறது? மரப்பீப்பாய் இவ்வளவு இனிப்பைத் தருமா? அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

பட்டிப்பளை வாசகன்

உதட்டில் ஒட்டினால் அது சீனிதான் நண்பரே, கருவி எதைச் சொன்னாலும். முதிர்ந்த றம் என்ற பெயரில் பாணியை விற்கிறார்கள். நான் சென்னையில் படித்த காலத்தில் ஓல்ட் மங்க் நிறையச் சுவைத்திருக்கிறேன். 1954இல் அறிமுகமான றம் அது, இன்றும் 42.8 வீத வலுவுடன் வருகிறது. வனிலா மணம் அதிலும் தூக்கலாகவே இருக்கும். ஆனால் யாரும் அதைத் தனியே உறிஞ்சிச் சுவைக்கும் உயர்ந்த பண்டம் என்று சொல்லி நம்மிடம் பெரும் பணம் கேட்கவில்லை.

ரசாயன ஆசான் (களுவாஞ்சிகுடி)

கல்லடிக்கரை அவர்களே, உங்கள் வருணனை கவனமானது, உங்கள் அளவீடும் நேர்மையானது. ஆனால் அளவீட்டில் ஒன்று விடுபட்டிருக்கிறது. அந்தக் கண்ணாடியின் தண்டை உற்றுப் பாருங்கள். 20 பாகை செல்சியஸ் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருக்கும். அந்த வெப்பநிலையில் மட்டுமே அது காட்டும் எண் செல்லும். நீங்கள் அளந்த நேரத்தில் உங்கள் வீட்டின் வெப்பநிலை 30 பாகைக்குக் குறைந்திருக்காது. சூட்டில் திரவம் விரிந்து அடர்த்தி குறைவதால், 40 வீத வலுவை ஒட்டிய மதுசாரத்தில் பாகை ஒன்றுக்கு ஏறத்தாழ 0.4 புள்ளி கூடுதலாகக் காட்டும். பத்துப் பாகைக்கு 4 புள்ளி. ஆகவே சீனியே இல்லாத 40 வீத றம் உங்கள் மேசையில் 44 காட்டியிருக்க வேண்டும். அது 39 காட்டியிருக்கிறது என்றால், காணாமற்போன 5 புள்ளிகளை ஏதோ ஒன்று மறைத்திருக்கிறது. லீற்றருக்கு 20 கிராம் அளவில் சீனி கரைந்திருந்தால் ஏறத்தாழ இதே அளவுக்குத்தான் குறையும்.

நமது ஊரின் வெப்பமும் அவர்களின் சீனியும் ஒன்றையொன்று சமன்செய்து உங்களை ஏமாற்றிவிட்டன. அதே நேரத்தில் ஜமெய்க்கா றம்மையும் அளந்திருந்தீர்களானால், 43 என்று சீட்டில் உள்ள அது 47ஐ ஒட்டிக் காட்டியிருக்கும். உங்களுக்கே பிழை விளங்கியிருக்கும். தயவுசெய்து இரண்டையும் 20 பாகைக்குக் குளிரவைத்து மறுபடியும் அளந்து பாருங்கள்.

அடிப்படையான ஒரு செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீனி ஆவியாவதில்லை. கரும்புச் சாற்றைப் புளிக்கவைத்தாலும், சீனி எடுத்தபின் எஞ்சும் கரும்பாகான மொலாசஸைப் புளிக்கவைத்தாலும், வடிக்கும்போது ஆவியாகி மேலே போவது மதுசாரமும் நீரும் மணப்பொருள்களுமே. எஞ்சிய இனிப்பெல்லாம் கொப்பரையின் அடியில் தங்கிவிடும்.

பீப்பாய் தருவது வேறு. அமெரிக்காவின் பேர்பன் விஸ்கிக்கு, உள்ளே கருக்கிய புதிய ஓக் பீப்பாயைத்தான் பயன்படுத்த வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் அவர்களுக்கு மீண்டும் உதவாது. ஆகவே அவை மலிவாக உலகெங்கும் உள்ள றம் வடிசாலைகளுக்குப் போகின்றன. மரத்தைக் கருக்கும்போது, அதற்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருள் உடைந்து வனிலின் உண்டாகிறது. வனிலாக் காயின் தலையாய மணப்பொருளும் அதே வனிலின்தான். அதனுடன் தேங்காய் மணம் தரும் ஒரு லக்டோனும், கராம்பில் உள்ள யூஜினோலும் மரத்திலிருந்து இறங்குகின்றன. மரத்திலிருந்து சிறிது சீனியும் கரைந்து வரும்; ஆனால் அது லீற்றருக்கு ஒரு கிராம் என்ற அளவிலேயே நிற்கும், உதட்டில் ஒட்டாது. ஆக, பீப்பாய் இனிப்பின் மணத்தைத் தரும், இனிப்பைத் தராது.

நத்தார்க் கேக் (மட்டக்களப்பு நகர்)

ஆசான் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. நான் மது பற்றி அதிகம் அறியாதவள். ஆனால் வனிலாவை நன்கு அறிவேன். எங்கள் பறங்கிக் குடும்பத்தில் நத்தாருக்கு இரண்டு மாதம் முன்னரே முந்திரிகை வற்றலையும் பூசணித் தோசியையும் நறுக்கி, பிராந்தியிலோ றம்மிலோ ஊறவைத்து மூடிவிடுவோம். அந்தச் சாடியை வாரத்துக்கு ஒருமுறை திறந்து கிளறுவது சிறுவயது முதல் என் வேலை.

கல்லடிக்கரை அண்ணா எழுதியதில் எனக்குத் தைத்த சொல் "தனித்த வனிலா" என்பது. நாம் கடையில் வாங்கும் எசன்ஸில் வனிலின் மட்டுமே இருக்கிறது, அதனால் அது ஒற்றைக் குரலில் பேசும். கண்டிப் பக்கத்திலிருந்து ஒருமுறை உண்மையான வனிலாக் காய் கிடைத்தது. அதைப் பிளந்தபோது வனிலாவோடு புகையிலை, உலர்ந்த பழம், தோல், மண் என்று ஒரு கூட்டமே வந்தது. மரத்தின் வனிலாவும் அப்படித்தான் துணையோடு வரும் என்று நினைக்கிறேன். ஆசான் சொன்ன தேங்காயும் கராம்பும் அருகில் இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள். தேங்காய் என்றால் பச்சைத் தேங்காய்ப்பால் அல்ல. வறுத்த தேங்காய்ப்பூவின் மணம். அவை இருந்தால் வனிலா மரத்தின் பிள்ளை. வனிலா மட்டும் முன்னால் நின்று, கூட வேறு யாரும் இல்லாவிட்டால், எனக்கு எசன்ஸ் போத்தல்தான் நினைவுக்கு வருகிறது.

ஆனால் பட்டிப்பளை நண்பர் சொல்வதுபோல இனிப்பையே குற்றமாக நான் கருதவில்லை. தயிரும் பாணியும் உண்டு வளர்ந்த ஊர் நமது ஊர்.

பட்டிப்பளை வாசகன்

சகோதரி, தயிருக்குப் பாணியை நாமே கண்முன் ஊற்றுகிறோம். எவ்வளவு ஊற்றுவது என்பதும் நம் கையில் இருக்கிறது. இங்கே ஊற்றியவர் அதைச் சீட்டில் எழுதவில்லை. பீப்பாயின் வயதாலும் வடித்தவரின் திறமையாலும் வந்த மென்மை என்று எண்ணி நாம் பணம் கொடுக்கிறோம். என் கோபம் சீனி மீது அன்று. சொல்லாமல் விட்டதன் மீது. இன்னொரு றம் போத்தலில் "23" என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு வயதைச் சொல்லாமல் விடுவதும் அதே வகைதான்.

அம்பாறை வயல் (அக்கரைப்பற்று)

அஸ்ஸலாமு அலைக்கும். நான் மது அருந்துபவன் அல்லன். கரும்பு பற்றிய பேச்சைக் கண்டு உள்ளே வந்தேன். எங்கள் தகப்பனார் கல்லோயாத் திட்டத்து நீரில் ஹிங்குராணைச் சீனித் தொழிற்சாலைக்காகக் கரும்புச் செய்கை செய்தவர். அந்தத் தொழிற்சாலை பல ஆண்டுகள் மூடிக்கிடந்து பின்னர் மீண்டும் இயங்கத் தொடங்கியது. சிறுவனாக அங்கே போனபோது, சீனியைப் பிரித்தெடுத்தபின் எஞ்சும் கருமையான மொலாசஸை விரலில் தொட்டு நக்கியிருக்கிறேன். ஒரு தொன் கரும்பை ஆட்டினால் 30 முதல் 45 கிலோ வரை அது மிஞ்சும். அதில் பாதியளவு இன்னும் சீனிதான். ஆனாலும் நாக்கில் முதலில் படுவது கசப்பும் ஓர் உப்புச் சுவையும். இனிப்பு அதன் பின்னால்தான் வரும்.

கரும்பிலிருந்து வருவதால் றம் இனிப்பாக இருக்கும் என்று பலர் நினைப்பது சரியன்று என்பதை ஆசான் ஐயா அழகாக விளக்கினார். மாடு வளர்ப்பவர்கள் இதே மொலாசஸைத் தீனியில் கலப்பார்கள். அது புளித்துவிட்டால் இனிப்புப் போய்விடும் என்பது எங்கள் பக்கத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

ரசாயன ஆசான் (களுவாஞ்சிகுடி)

வ அலைக்கும் ஸலாம் தம்பி. உங்கள் நாக்கின் நினைவு பாடநூலைவிடத் தெளிவாக இருக்கிறது.

பட்டிப்பளை அவர்கள் "23" என்ற எண்ணைச் சுட்டினார். குவாத்தமாலாவின் ரோன் சக்காப்பாவைக் கருதுகிறார் என்று விளங்குகிறது. அதன் முறை உண்மையிலேயே கவனிக்கத் தக்கது. மொலாசஸுக்குப் பதிலாக, முதற்பிழிவுக் கரும்புச் சாற்றைக் காய்ச்சி வற்றவைத்த பாணியிலிருந்து தொடங்குகிறார்கள். பீப்பாய்களைக் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,300 மீற்றர் உயரத்தில் வைத்து முதிரவைக்கிறார்கள். நமது நுவரெலியா நகரைவிட உயரமான இடம் அது. தாழ்நிலத்துக் கரீபியன் வெக்கையில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு 6 வீதமும் அதற்கு மேலும் ஆவியாகிப் போய்விடும்; ஸ்கொட்லாந்தின் குளிரில் 2 வீதம் அளவே போகும். உயரத்துக் குளிர் அந்த இழப்பைக் குறைத்து முதிர்ச்சியையும் மெதுவாக்குகிறது. பழையதையும் புதியதையும் படிப்படியாகக் கலந்து செல்லும் சொலேரா என்ற ஸ்பானிய முறையை அவர்கள் பின்பற்றுகிறார்கள். ஆகவே அதிலுள்ள றம் 6 முதல் 23 ஆண்டு வரையிலான கலவை. 23 என்பது அதில் கலந்த மிகப் பழைய துளியின் வயது. அப்பிள்ட்டன் போத்தலில் உள்ள 12 அப்படியன்று. அதில் கலந்த மிக இளைய றம்முக்கும் 12 வயது ஆகியிருக்க வேண்டும். இரண்டு எண்களையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது தவறு என்பதில் பட்டிப்பளை அவர்களோடு நான் முழுமையாக உடன்படுகிறேன்.

சொல்லாமல் விடுவது குறித்துச் சட்டமும் அசைந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019/787 இலக்க ஒழுங்குவிதி 2021 மே 25 முதல் நடைமுறைக்கு வந்தபின், றம் என்ற பெயரில் அங்கே விற்கப்படும் பானத்தில் லீற்றருக்கு 20 கிராமுக்கு மேல் இனிப்புச் சேர்க்கக் கூடாது, மணமூட்டிகளும் கூடாது. நிறத்துக்காகக் கரமல் சேர்க்கலாம். அதைவிட இனிப்பானவை றம் என்ற சொல்லை விட்டுவிட்டு வேறு வகைப்பெயரில்தான் விற்கப்பட வேண்டும். 20 கிராம் என்பது சிறிய அளவு அன்று. ஒரு லீற்றருக்கு ஐந்து தேக்கரண்டிச் சீனி.

நத்தார்க் கேக் (மட்டக்களப்பு நகர்)

அப்படியானால் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாமே. ஜமெய்க்கா றம்மில் 50 மில்லிலீற்றர் எடுத்து, அதில் ஒரு கிராம் சீனியை, அதாவது தேக்கரண்டியில் காற்பங்கை, நன்றாகக் கரைத்துவிடுங்கள். லீற்றருக்கு 20 கிராம் என்ற கணக்கு அது. சீனி மதுசாரத்தில் மெதுவாகவே கரையும். முதலில் சில துளி நீரில் கரைத்துக்கொண்டால் நல்லது. சீனி சேர்க்காத கிளாசிலும் அதே அளவு நீரை விடுங்கள், இல்லாவிட்டால் ஒப்பீடு நேர்மையாக இராது. பிறகு மூன்றையும் பக்கத்தில் வைத்துச் சுவைத்தால் எது மரம், எது சீனி என்று நாக்கே சொல்லும்.

இன்னொன்று: இனிப்பு றம்மில் ஒரு தேக்கரண்டியை வெள்ளைப் பீங்கான் தட்டில் ஊற்றி, எறும்பு வராத இடத்தில் இரண்டு நாள் காயவிடுங்கள். கேக் சாடியைச் சுற்றிச் சிந்திய துளிகள் காய்ந்ததும் எது ஒட்டும், எது ஒட்டாது என்று பார்த்தே எங்கள் அம்மாமா பிராந்தியின் தரத்தைச் சொல்வார்.

கல்லடிக்கரை (மட்டக்களப்பு)

ஐந்து நாள் கழித்து எழுதுகிறேன், பொறுத்தருளுங்கள். சொன்னவை எல்லாவற்றையும் செய்தேன்.

முதலில் அளவீடு. பெரிய பாத்திரத்தில் பனிக்கட்டி நீரை வைத்து, அதற்குள் அளவுக் குழாயை நிறுத்தி, வெப்பமானி 20 காட்டும் வரை காத்திருந்தேன். மட்டக்களப்பில் ஒரு திரவத்தை 20 பாகையில் நிறுத்தி வைப்பது எளிதன்று. இரண்டு நிமிடத்தில் 22 ஆகிவிடுகிறது. மூன்று முறை அளந்தேன். ஜமெய்க்கா றம் மூன்று முறையும் 43ஐ ஒட்டியே நின்றது. இனிப்பு றம் 35க்கு மேலே ஏறவில்லை. ஆசான் ஐயா எழுதிய 5 புள்ளிகள் அங்கே இருந்தன.

தட்டில் ஊற்றியதும் பொய் சொல்லவில்லை. ஜமெய்க்கா றம் காய்ந்தபின் இளமஞ்சள் நிறத்தில் மெல்லிய வளையம் ஒன்று மட்டும் எஞ்சியது. விரலால் தொட்டால் ஒட்டவில்லை. மற்றைய தட்டில் பளபளப்பான படலம் இருந்தது. விரலை எடுத்தபோது நூல்போல இழுபட்டது.

மூன்று கிளாஸ் சோதனைதான் எனக்கு அதிகம் கற்பித்தது. சீனி கரைத்த ஜமெய்க்கா றம்மை வாயில் வைத்தவுடன், தொண்டையில் இருந்த காரம் ஏறத்தாழக் காணாமற்போயிருந்தது. திரவம் தடித்திருந்தது. தோடம்பழத் தோலின் கசப்பு பின்வாங்கிவிட்டது. சாதிக்காயைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் நான் சற்றும் எதிர்பாராதது வேறு. பின்வரிசையில் நின்ற வனிலா முன்னுக்கு வந்துவிட்டது. வனிலா எதையும் நான் சேர்க்கவில்லை. சீனி மட்டுமே சேர்த்தேன். நாம் பிறந்த நாள் முதல் வனிலாவை இனிப்போடு சேர்த்தே சுவைத்து வந்திருப்பதால், நாக்கு இனிப்பைக் கண்டவுடன் மூக்கு வனிலாவைத் தேடுகிறதோ என்று எண்ணத் தோன்றுகிறது. நான் முதல் நாள் எழுதிய மென்மை, தடிப்பு, எரிவின்மை ஆகிய மூன்றையும் கால் தேக்கரண்டிச் சீனியால் என் மேசையிலேயே உண்டாக்க முடிந்தது.

ஆனாலும் இரண்டும் ஒன்றாகிவிடவில்லை. சீனி கரைத்த ஜமெய்க்கா றம்மில் முன்னால் வந்த வனிலா, வறுத்த தேங்காய்ப்பூவையும் கராம்பையும் கூடவே அழைத்து வந்தது. சகோதரி எழுதியதைப் படித்திராவிட்டால் அவற்றை நான் கவனித்திருக்க மாட்டேன். மற்றைய போத்தலில் அவற்றை அரை மணி நேரம் தேடினேன். கராம்பு மிக மெலிதாக இருந்தது. தேங்காய் கிடைக்கவே இல்லை. அதன் வனிலா எங்கிருந்து வந்தது என்று தீர்ப்புச் சொல்ல என்னிடம் கருவி இல்லை. ஆகவே பெயரை இப்போதும் எழுதாமல் விடுகிறேன்.

பட்டிப்பளை அவர்களே, சொல்லாமல் விட்டதன் மீதுள்ள உங்கள் கோபம் நியாயமானது. அந்தப் போத்தலை இனி நான் முதிர்ந்த றம் என்று எண்ணிச் சுவைக்கப்போவதில்லை. ஆனால் அதை வெறுக்கவும் இல்லை. உணவுக்குப் பின் ஒரு சிறு கிளாஸ் என்றால் இன்றும் எனக்கு அது இனிமையாகவே இருக்கிறது.

நத்தார்க் கேக் (மட்டக்களப்பு நகர்)

அண்ணா, அந்த இனிப்பு றம்மில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். நவம்பரில் முந்திரிகை ஊறவைக்கும்போது ஒரு சாடியை அதிலும், ஒரு சாடியைச் சீனி இல்லாத றம்மிலும் ஊறவைத்துப் பார்க்க வேண்டும். இனிப்பு றம்மில் ஊறும் சாடிக்குச் சீனியின் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். லீற்றருக்கு 20 கிராம் என்று கணக்குத் தெரிந்திருப்பதால் இம்முறை எவ்வளவு என்று ஊகிக்க வேண்டிய தேவை எனக்கு இல்லை.